காலை 6 லிட்டர், மாலை 5 லிட்டர், மொத்தம் 65 லிட்டர்: ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றுவது எப்படி?

#1 நிரல்பழகி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பால் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு சின்ன வெப் பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். சித்தப்பாதான் அங்கே கணக்கு எழுதுகிறார், இதுவரை எல்லாம் நோட்டில்தான். பக்கத்தில் நான்கு பெட்டிகள்: உறுப்பினர் எண், காலைப் பால், மாலைப் பால், லிட்டர் விலை. பட்டனை அழுத்தினால் மொத்த லிட்டரும் தொகையும் வரவேண்டும்.

காலை 6, மாலை 5 என்று போட்டால் மொத்தம் 65 என்று காட்டுகிறது. விலை 36 என்றால் 396 ரூபாய் வரவேண்டும், வருவது 2340. சரி, தசமத்தில் போட்டுப் பார்ப்போம் என்று 6.5, 5.25 கொடுத்தால் தொகை இடத்தில் நேன் (எண் அல்ல என்று பொருள்) என்று வருகிறது.

தேடிப் பார்த்தால் பார்ஸ்இன்ட் போடு, பார்ஸ்ஃப்ளோட் போடு, நம்பர் போடு, முன்னால் ஒரு + குறி போடு என்று ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். பார்ஸ்ஃப்ளோட்(காலை + மாலை) என்று மாற்றினேன். நேன் போய்விட்டது, ஆனால் மொத்தம் 6.55 என்கிறது. 11.75 அல்லவா வரவேண்டும்? இந்த நான்கு வழிகளுக்கும் என்னதான் வித்தியாசம்?

#2 வைகைக்கரை

தம்பி, முதலில் 65 எப்படி வந்தது என்று பாருங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இன்புட் பெட்டியின் வேல்யூ எப்போதுமே ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடர். பெட்டியின் வகையை "நம்பர்" என்று வைத்தாலும் ஸ்ட்ரிங்தான். + குறிக்கு ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு வேலை: இரு பக்கமும் எண் என்றால் கூட்டும், ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தாலே ஒட்டிவிடும். "6" + "5" என்றால் "65". ஆனால் கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கு ஒட்டுகிற வேலை கிடையாது. அதனால் அவை ஸ்ட்ரிங்கைத் தாமாகவே எண்ணாக்கிக்கொள்ளும். "65" * "36" என்பது 2340.

ஆபத்து இங்கேதான். பெருக்கல் சரியாக நடப்பதால் "என் பெட்டியில் எண்தான் இருக்கிறது" என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஒரே பக்கத்தில் நான்கு கணக்கில் மூன்று சரியாக வரும், கூட்டல் மட்டும் கெடும்.

நீங்கள் பார்ஸ்ஃப்ளோட் போட்ட இடமும் தவறு. காலை + மாலை முதலில் நடக்கிறது: "6.5" + "5.25" ஒட்டி "6.55.25" ஆகிவிட்டது. முதலில் அதை 36ஆல் பெருக்கினீர்கள். இரண்டு புள்ளி உள்ள எண் கிடையாது, அதனால் நேன். பார்ஸ்ஃப்ளோட்டோ இடமிருந்து படித்துக்கொண்டே போய், இரண்டாவது புள்ளியைக் கண்டதும் நின்று, அதுவரை படித்த 6.55ஐக் கொடுத்துவிட்டது. நேனாவது ஏதோ தப்பு என்று கத்தியது. 6.55 கத்தவில்லை. 5.2 லிட்டர் பாலைக் காணோம், யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு பெட்டியையும் படிக்கும் இடத்திலேயே தனித்தனியாக எண்ணாக்குங்கள். அப்புறம் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

#3 பழையசர்வர்

அண்ணன் சொன்னதோடு ஒன்று: எல்லா இடத்திலும் பார்ஸ்ஃப்ளோட்டே போதும். கணக்கு எழுதுகிறவர் "6.5 லி" என்று அடித்தாலும் 6.5 கிடைக்கும். நம்பர் போட்டால் அதற்கு நேன் வரும். பயன்படுத்துகிறவர் கொஞ்சம் கூடக்குறைய அடித்தாலும் பக்கம் ஓடவேண்டும் என்பதுதான் என் கட்சி.

#4 முல்லைக்கொடி

பழையசர்வர் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை, அதுவும் பணக் கணக்கில். பார்ஸ்ஃப்ளோட் (தசமத்தோடு படிப்பது), பார்ஸ்இன்ட் (முழு எண்ணை மட்டும் படிப்பது) இரண்டும் ஸ்ட்ரிங்கின் தொடக்கத்தை மட்டுமே பார்ப்பவை. தொடக்கத்தில் எண் மாதிரி எவ்வளவு கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்தேன் என்று சொல்லாது.

"6.5 லி" உங்களுக்குப் பிடித்த உதாரணம். இதையும் பாருங்கள்:

பார்ஸ்ஃப்ளோட்("6,5") → 6
பார்ஸ்ஃப்ளோட்("1,25,000") → 1
பார்ஸ்இன்ட்("6.9") → 6
பார்ஸ்ஃப்ளோட்("6.5 லி இல்லை 7.5") → 6.5

புள்ளிக்குப் பதில் பக்கத்திலுள்ள காற்புள்ளியில் விரல் பட்டால் அரை லிட்டர் போய்விடும். மாத மொத்தத்தை நம் வழக்கப்படி 1,25,000 என்று எழுதினால் ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாய் ஆகிவிடும். நம்பர் "6.9"ஐ 6.9 என்றே சரியாகத் தரும், மற்ற மூன்றுக்கும் நேன் கொடுக்கும். அந்த நேனைப் பிடித்து "மாலைப் பால் பெட்டியைச் சரிபாருங்கள்" என்று சொல்வதுதான் பயன்படுத்துகிறவருக்கு நாம் செய்கிற உதவி. அவர் என்ன நினைத்து அடித்தார் என்று நாமே ஊகித்துப் பணத்தைக் கணக்குப் போட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மாடு வளர்க்கிறவருக்கு அந்த அரை லிட்டர் சும்மா வரவில்லை.

முன்னால் போடுகிற + குறியும் நம்பரும் ஸ்ட்ரிங்குக்கு ஒரே விடையைத்தான் தரும். + சுருக்கம், நம்பர் படிக்கத் தெளிவு. நான் நம்பர் என்றே எழுதுவேன்.

#5 நிரல்பழகி

வைகைக்கரை அண்ணா, முல்லைக்கொடி அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போட்டேன், 11.75 வந்துவிட்டது, தொகை 423. சரியாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். மாலைப் பால் பெட்டியைக் காலியாக விட்டால் 0 என்று எடுத்துக்கொள்கிறது. மாலையில் பால் ஊற்றாதவர்களுக்கு அது வசதிதானே? அப்படியே விட்டுவிடலாமா?

#6 வைகைக்கரை

விட்டுவிடக் கூடாது. நம்பரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் இதுதான்.

நம்பர்("") → 0. வெறும் இடைவெளி "   " → 0. நல் (மதிப்பு இல்லை என்று நாமே வைக்கும் குறி) கொடுத்தாலும் 0. ஆனால் அன்டிஃபைன்ட் (மதிப்பே வைக்கப்படாதது) கொடுத்தால் நேன். பார்ஸ்ஃப்ளோட்("") நேன்தான் தரும். இந்த ஒரு விஷயத்தில் பழையசர்வர் கட்சிக்கு ஒரு புள்ளி.

உங்கள் நிலையத்தில் காலிப் பெட்டிக்கு இரண்டு பொருள் இருக்கலாம். ஒன்று, இவர் மாலையில் பால் ஊற்றவில்லை. இன்னொன்று, ஊற்றினார், கூட்டத்தில் சித்தப்பா இன்னும் பதியவில்லை. முதலாவதுக்கு 0 சரி. இரண்டாவதுக்கு 0 போட்டுப் பட்டுவாடா முடிந்துவிட்டால் அவருக்குப் பணம் குறையும். இந்த இரண்டில் எது என்று ஜாவாஸ்கிரிப்ட் தீர்மானிக்கக் கூடாது, சித்தப்பா தீர்மானிக்கவேண்டும். பால் இல்லையென்றால் அவரே 0 என்று அடிக்கட்டும். காலி என்றால் பக்கம் நிறுத்திக் கேட்கட்டும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. உங்கள் பெட்டியின் வகை "நம்பர்" என்று வைத்திருக்கிறீர்களா?

#7 நிரல்பழகி

ஆமாம் அண்ணா. மொபைலில் எண் கீபோர்டு வரவேண்டும் என்று அப்படி வைத்தேன்.

#8 வைகைக்கரை

நினைத்தேன். அந்த வகைப் பெட்டியில் சரியான எண்ணாக இல்லாத எதை அடித்தாலும் பிரவுசர் வேல்யூவாக உங்களுக்குக் கொடுப்பது காலி ஸ்ட்ரிங். கை தவறி "6..5" என்று விழுந்துவிட்டது என்று வையுங்கள். திரையில் 6..5 தெரியும். உங்கள் நிரலுக்கு "" வரும். நம்பர்("") 0 தரும். சித்தப்பா கண்ணுக்கு 6 லிட்டருக்கு மேல் தெரிகிறது, தொகையில் பூஜ்யம் லிட்டர்.

இதற்கு இரண்டு வழி. வேல்யூவுக்குப் பதில் வேல்யூஆஸ்நம்பர் என்ற பண்பைப் படிக்கலாம். அது எண்ணாகவே தரும், காலியோ தப்போ என்றால் நேன் தரும். காலியா தப்பா என்று பிரித்துத் தெரியவேண்டும் என்றால் அதே பெட்டியின் வேலிடிட்டிக்குள் பேட்இன்புட் என்று ஒன்று இருக்கிறது. புரியாததை அடித்திருந்தால் அது ட்ரூ ஆகும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: வகையைச் சாதாரண "டெக்ஸ்ட்" என்று வைத்து, இன்புட்மோடை "டெசிமல்" என்று வைப்பது. மொபைலில் எண் கீபோர்டு அப்போதும் வரும். அடித்தது அடித்தபடி ஸ்ட்ரிங்காக உங்கள் கைக்கு வரும், சோதனையை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். சில பிரவுசர்களில் கர்சர் பெட்டியில் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எண் தானாக மாறுகிற தொல்லையும் இதில் இல்லை. பிரிட்டன் அரசின் இணையப் பக்கங்களுக்கான டிசைன் குழு 2020இல் இந்த மாதிரிக் காரணங்களுக்காகத்தான் நம்பர் வகையைக் கைவிட்டு டெக்ஸ்ட் வகைக்கு மாறியது.

#9 யாழ்முற்றம்

தம்பி, உறுப்பினர் இலக்கத்தையும் நம்பருக்குள் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

"0047" என்று ஓர் உறுப்பினர் இருந்தால் நம்பர் அவரை 47 ஆக்கிவிடும். நோட்டில் 0047, பக்கத்தில் 47, தேடினால் கிடைக்காது. பார்ஸ்இன்ட் பழைய பிரவுசர்களில் இன்னும் விநோதம்: பூஜ்யத்தில் தொடங்கினால் எட்டின் அடிமானம் (0 முதல் 7 வரை மட்டும் இலக்கம் உள்ள எண் முறை) என்று எடுத்து "0047"ஐ 39 ஆக்கிவிடும், "0089"ஐ வெறும் 0 ஆக்கிவிடும். 2009இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் ஐந்தாம் பதிப்பு விதிமுறைதான் அதை நிறுத்தியது. பார்ஸ்இன்ட்டில் இரண்டாவதாக 10 என்று எழுதும் பழக்கம் அந்தக் காலத்தில் வந்தது, இப்போதும் எழுதுவது நல்லது.

இலங்கையில் எங்களுக்கு இது தினப்பாடு. கைத்தொலைபேசி இலக்கம் 07 என்று தொடங்கும், எண்ணாக்கினால் முதல் பூஜ்யம் போய்விடும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் வி அல்லது எக்ஸ் என்று ஓர் ஆங்கில எழுத்து வரும். பார்ஸ்இன்ட் கொடுத்தால் அந்த எழுத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

கூட்டிக் கழிக்கிற எதையும் எண்ணாக்குங்கள். உறுப்பினர் இலக்கத்தை யாரும் கூட்டப் போவதில்லை. அது ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.

#10 வைகைக்கரை

யாழ்முற்றம் சொன்னதற்கு மேல் ஒரு காரணம். ஜாவாஸ்கிரிப்ட் எண் 64 பிட் மிதவைப் புள்ளி எண். முழு எண்களை ஒன்று விடாமல் நம்பிக்கையாக வைத்திருப்பது 9007199254740991 வரைதான். நம்பர்("9007199254740993") என்று கன்சோலில் அடித்துப் பாருங்கள், 9007199254740992 என்று வரும். வேறொருவருடைய அடையாள எண் உங்களிடம் வந்துவிட்டது என்று பொருள். ட்விட்டர் 2010இல் தன் பதிவு எண்களை ஸ்ட்ரிங் வடிவிலும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான். உண்மையிலேயே அவ்வளவு பெரிய முழு எண்ணில் கணக்குப் போடவேண்டும் என்றால் 2020 பதிப்பில் வந்த பிக்இன்ட் இருக்கிறது. பால் கணக்குக்கு வேண்டாம்.

#11 எழுத்தாணி

தாமதமாக வருகிறேன். தமிழில் அடிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற இரண்டு சிக்கலை இங்கே யாரும் சொல்லவில்லை.

ஒன்று, தமிழ் எண்கள். ௬ என்று அடித்தால் நம்பர், பார்ஸ்இன்ட், பார்ஸ்ஃப்ளோட் மூன்றுமே நேன்தான் தரும். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (ஸ்ட்ரிங்கின் வடிவத்தைச் சோதிக்கும் குறிமுறை) இலக்கம் என்று குறிக்கும் டி குறியும் 0 முதல் 9 வரை மட்டும்தான் பிடிக்கும். ஏற்கவேண்டும் என்றால் மாற்றுவது எளிது: யூனிகோடில் ௦ முதல் ௯ வரை 3046 முதல் 3055 வரை வரிசையாக இருக்கின்றன. எழுத்தின் குறியெண்ணிலிருந்து 3046ஐக் கழித்தால் இலக்கம் கிடைத்துவிடும். ஆனால் பழைய முறையில் ௰, ௱, ௲ போட்டு எழுதியதை இப்படி மாற்ற முடியாது, அது இடமதிப்பு முறை இல்லை.

இரண்டு, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். வாட்ஸ்அப்பிலிருந்து "6.5" என்று காப்பி செய்து ஒட்டினால் சில நேரம் கூடவே ஒரு பூஜ்ய அகல எழுத்தும் வந்து ஒட்டிக்கொள்ளும். சாதாரண இடைவெளியையும், பிரியா இடைவெளியையும்கூட நம்பர் தானே ஒதுக்கிவிடும். 8203, 8204 என்ற குறியெண்ணுள்ள பூஜ்ய அகல எழுத்துகளை அது இடைவெளியாக மதிக்காது. திரையில் 6.5, விடை நேன். ஸ்ட்ரிங்கின் லென்த்தைப் பாருங்கள்: 3 வரவேண்டிய இடத்தில் 4 வந்தால் அதுதான் ஆள். மாற்றுவதற்கு முன் ரீப்ளேஸ் போட்டு நீக்கிவிடலாம். இது ஊகம் ஆகாது, அந்த எழுத்துக்கு எண்ணில் எந்தப் பொருளும் இல்லை.

#12 பழையசர்வர்

காலி ஸ்ட்ரிங் விஷயத்தையும் காற்புள்ளி விஷயத்தையும் பார்த்த பிறகு பணக் கணக்குக்கு முல்லைக்கொடி வழிதான் சரி என்று ஒத்துக்கொள்கிறேன். பார்ஸ்ஃப்ளோட்டுக்கும் இடம் உண்டு என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: "16பிக்சல்" மாதிரி பிரவுசரே எழுதித் தருகிற மதிப்பில், பின்னால் அலகு வரும் என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த இடத்தில் அதுதான் சரியான கருவி. மனிதர் அடிக்கிற பெட்டிக்கு வேண்டாம்.

சர்வர் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். தம்பியின் சர்வரில் ஓடுவது பிஹெச்பி மொழி என்று நினைக்கிறேன். பிரவுசரில் எவ்வளவு சோதித்தாலும் சர்வருக்கு மறுபடியும் ஸ்ட்ரிங்தான் வரும், அங்கேயும் சோதிக்கவேண்டும். இன்ட் என்று அடைப்பில் போட்டு மாற்றினால் பிஹெச்பியும் தொடக்கத்தை மட்டும்தான் எடுக்கும்: "6லி" 6 ஆகும், "லி6" 0 ஆகும். ஃபில்டர்வார் என்ற ஃபங்ஷனில் தசம எண் சோதனையைப் போடுங்கள், தப்பான ஸ்ட்ரிங்குக்கு ஃபால்ஸ் தரும். அதை மூன்று சமக்குறி போட்டுத்தான் ஒப்பிடவேண்டும். இரண்டு சமக்குறி போட்டால் 0 லிட்டர் என்ற சரியான பதிவும் ஃபால்ஸுக்குச் சமம் என்று ஆகி நிராகரிக்கப்படும். பழைய பதிப்பில் ஓடுகிற சர்வர் என்றால் இன்னும் கவனம்: பிஹெச்பி 8 வரும்வரை, அதாவது 2020 வரை, 0 == "பால்" என்று கேட்டால் ட்ரூ என்றுதான் சொல்லும்.

#13 நிரல்பழகி

ஆமாம் அண்ணா, பிஹெச்பிதான். பதிப்பு 8 என்று பார்த்துவிட்டேன்.

எல்லோரும் சொன்னதை வைத்து லிட்டர் பெட்டிக்கு ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன். வந்த ஸ்ட்ரிங்கில் பூஜ்ய அகல எழுத்துகளை நீக்குகிறது, டிரிம் செய்கிறது (இரு ஓர இடைவெளிகளை வெட்டுகிறது). காலி என்றால் "காலி" என்று தனியாகத் திருப்பி அனுப்புகிறது. இல்லையென்றால் நம்பர் போட்டு, நம்பர்.இஸ்நேன் பார்த்து, நேன் என்றால் பெட்டியைச் சிவப்பாக்கிச் செய்தி காட்டுகிறது. உறுப்பினர் எண்ணைத் தொடுவதே இல்லை. தமிழ் எண்கள் எங்கள் நிலையத்தில் யாரும் எழுதுவதில்லை, அதனால் சேர்க்கவில்லை.

முன்பு ஒரே நேரத்தில் பல பதிவுகளை மாற்ற, ஸ்ட்ரிங் பட்டியலில் மேப் (ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது) போட்டு பார்ஸ்இன்ட்டை அப்படியே கொடுத்திருந்தேன். ["6", "5", "7"] கொடுத்தால் 6, நேன், நேன் என்று வந்தது. நம்பருக்கு மாற்றியதும் 6, 5, 7 என்று சரியாகிவிட்டது. அது ஏன் என்று மட்டும் புரியவில்லை.

#14 முல்லைக்கொடி

மேப் தான் கூப்பிடுகிற ஃபங்ஷனுக்கு மதிப்பை மட்டும் கொடுப்பதில்லை, வரிசை எண்ணையும் இரண்டாவதாகக் கொடுக்கிறது. பார்ஸ்இன்ட் அந்த இரண்டாவதை அடிமானம் என்று எடுத்துக்கொள்கிறது. முதல் பதிவுக்கு 0 போகிறது. 0 என்றால் வழக்கமான பத்து என்று எடுத்துக்கொண்டு 6 தருகிறது. அடுத்ததற்கு அடிமானம் 1, அப்படி ஒன்றே கிடையாது, நேன். மூன்றாவதற்கு அடிமானம் 2; இரும எண்ணில் 7 என்ற இலக்கம் இல்லை, நேன். நம்பர் ஒரே ஒரு மதிப்பைத்தான் பார்க்கும், அதனால் தப்பித்தது.

உங்கள் ஃபங்ஷன் நன்றாக இருக்கிறது. ஒரு ஓட்டை மட்டும் பாக்கி. நம்பர் அறிவியல் குறியீட்டையும் ஏற்கும்: 1, ஆங்கில இ எழுத்து, 3 என்று அடித்தால் நேன் வராது, 1000 லிட்டர் வரும். முன்னால் கழித்தல் குறி போட்டாலும் ஏற்கும். நம்பர் போடுவதற்கு முன்பே ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டு ஸ்ட்ரிங்கின் வடிவத்தைப் பாருங்கள்: ஒன்று முதல் மூன்று இலக்கம், விரும்பினால் ஒரு புள்ளியும் அதன்பின் ஒன்று அல்லது இரண்டு இலக்கமும், அதற்குமேல் எதுவும் இல்லை. தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நடுவில் பொருந்தினாலும் சரி என்று சொல்லிவிடும். இந்தச் சோதனையைத் தாண்டி வந்தது கண்டிப்பாக எண்தான், நேன் பார்க்கிற வேலைகூட மிச்சம்.

தொகையையும் கவனியுங்கள். கன்சோலில் 4.35 * 100 என்று அடித்தால் 434.99999999999994 வரும். 4.35 என்பதை இரும முறையில் மிச்சமில்லாமல் எழுத முடியாது, அதனால் வருகிறது இது. அதன்மேல் பார்ஸ்இன்ட் போட்டால் 434, ஒரு பைசா போச்சு. மேத்.ரவுண்ட் போட்டால் 435. விலையை உள்ளே வந்ததும் பைசாவாகவும், பாலை மில்லி லிட்டராகவும் முழு எண்ணாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, கடைசியில் ஒரே ஒரு முறை ரவுண்ட் செய்யுங்கள்.

#15 நிரல்பழகி

வடிவச் சோதனையும் பைசாக் கணக்கும் போட்டுவிட்டேன் அக்கா. "6..5", "6,5", "6.5 லி", காலி, வெறும் இடைவெளி எல்லாம் அடித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் நிறுத்திக் கேட்கிறது.

ஆனால் புதிதாக ஒன்று. நிலையத்தில் சிலருக்கு ஊக்கத்தொகையாக 10 ரூபாய் சேர்த்துக் கொடுப்பார்கள். 396 உடன் அதைச் சேர்த்தால் 396.0010 என்று காட்டுகிறது. இப்போது பெட்டியிலிருந்து வருகிற எல்லாமே எண்தானே?

#16 வைகைக்கரை

பெட்டியிலிருந்து வருவது எண்தான். தொகையை இரண்டு தசமத்தில் காட்ட டோஃபிக்ஸ்ட் போட்டிருப்பீர்கள். டோஃபிக்ஸ்ட் தருவது ஸ்ட்ரிங். "396.00" உடன் 10 ஒட்டிக்கொண்டது, முதல் பதிவில் பார்த்த அதே 65தான். டோஃபிக்ஸ்ட்டைத் திரையில் எழுதுகிற கடைசி வரிக்குக் கொண்டுபோங்கள், ஊக்கத்தொகையைப் பைசாவாக அதற்கு முன்னால் கூட்டுங்கள். நமது முறையில் காற்புள்ளி வேண்டும் என்றால் அதே கடைசி வரியில் இன்டில்.நம்பர்ஃபார்மேட்டுக்கு இந்திய வழக்கைக் கொடுங்கள், 1,25,000 என்று எழுதித் தரும். ஆனால் அதைத் திரும்பப் படித்து எண்ணாக்கித் தர ஜாவாஸ்கிரிப்டில் ஆயத்தமாக எதுவும் இல்லை. திரையில் எழுதியதிலிருந்து மறுபடி கணக்குப் போடாதீர்கள், எண்ணைத் தனி வேரியபிளில் வைத்திருங்கள்.

#17 நிரல்பழகி

மாற்றிவிட்டேன் அண்ணா, 406.00 என்று வருகிறது. இன்று சாயங்காலம் சித்தப்பா நோட்டில் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து இதிலும் பதிந்து, இரண்டு மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் போகிறேன். இழையை முடிந்தது என்று குறித்துவிடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.